கூத்துக்கு ஒரு கேமரா: 40,000 ரூபாய்க்குள் தேடியதும் வாங்கியதும்

என் அக்கா மகள் முதுகலை ஆய்வுக்குத் தெருக்கூத்தை எடுத்துக்கொண்டாள். செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். அதைப் படம் எடுக்க அவளுக்கு ஒரு கேமரா வேண்டியிருந்தது. கையில் இருந்தது டியூஷன் எடுத்துச் சேர்த்த 40,000 ரூபாய். 2023 தை மாதம், பொங்கல் கழிந்த வாரம், "மாமா, இதுக்குள்ள எது வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்" என்று வந்து உட்கார்ந்தாள்.

இருபது வருஷத்துக்கு மேலாகக் காஞ்சிபுரத்தில் கல்யாணப் படம் எடுக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காத உறவுக்காரர் இல்லை. "என்ன எடுக்கப் போறே?" என்று திருப்பிக் கேட்டால் "எல்லாந்தான்" என்பார்கள். அதற்குமேல் யோசனை சொல்ல வழியில்லாமல் போய்விடும். இவளுடைய தேவையோ கத்தரித்து வைத்த மாதிரி இருந்தது. இருட்டு, ஓயாத ஆட்டம், ஃப்ளாஷ் கூடாது, ஏழு மணி நேரம் பேட்டரி தாங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தோம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே போனேன். அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

அவள் வரும்போதே ஒரு கடையில் விலை கேட்டு வந்திருந்தாள். புதிய கேனன் 1500டி, கூடவே 18-55 மில்லிமீட்டர் கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்த்தே விற்கும் சாதாரண லென்ஸ்), இன்னும் கொஞ்சம் போட்டால் 55-250 டெலி லென்ஸும் சேர்த்து. வாரண்டி உண்டு, பெட்டி பிரிக்காதது, இரண்டு லென்ஸ். பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. பகலில் கொடைக்கானல் போய் வருகிறவருக்கு அதை நானே வாங்கச் சொல்வேன். கூத்துக்கு அது சரிவராது என்று என் மனசுக்குத் தெரியும். ஆனால் என் வாய்வார்த்தையை நம்பி அவள் 40,000 ரூபாயைச் செலவழிக்கக் கூடாது, அவளே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

மாசி மாதம் செய்யாறு பக்கத்தில் ஒரு கருமாதிக்குக் கர்ண மோட்சம் கூத்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் கர்ண மோட்சம் வைப்பது வழக்கம். அவளுடைய தோழியிடம் இருந்த 1500டியையும் கிட் லென்ஸையும் இரவல் வாங்கிக்கொண்டு இருவரும் போனோம். செலவு பஸ் டிக்கெட்டும் டீயும்தான். கேமரா வாங்க நினைக்கிற எவரும் முதலில் செய்யவேண்டிய செலவு இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்: எதை எடுக்கப் போகிறோமோ அந்த இடத்தில், அந்த வெளிச்சத்தில், இரவல் கேமராவோடு ஒரு முழு இரவு.

களத்துக்கு மேலே கட்டியிருந்தது இரண்டு டியூப் லைட்டும் இரண்டு எல்இடி ஃபோகஸ் லைட்டும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். கேமராவுக்கு அது அரையிருட்டு. கிட் லென்ஸை 55 மில்லிமீட்டருக்குத் திருப்பினால் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துவாரம், எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்வை, 6400 வரை ஏற்றியும் ஷட்டர் ஸ்பீடு நொடியில் 30இல் ஒரு பங்குதான் கிடைத்தது. கர்ணன் வேஷக்காரர் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு சுழன்றபோது விழுந்ததெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு தீற்றல். அவர் நின்று வசனம் பேசும்போது எடுத்தவை மட்டும் தேறின, அவற்றிலும் புள்ளி புள்ளியாக இரைச்சல். மொபைலிலும் எடுத்துப் பார்த்தாள். இரவுப் பயன்முறையில் மொபைல் அடுத்தடுத்துப் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத கோபுரத்துக்கு அது அருமை. ஆடுகிறவருக்கு நாலு கை முளைத்துவிடும்.

மறுநாள் காலை வீட்டில் அந்தப் படங்களைக் கணினியில் போட்டு இரண்டு விஷயம் பார்த்தோம்.

முதலாவது வெளிச்சக் கணக்கு. லென்ஸின் எஃப் எண் சிறிதாக ஆக உள்ளே வரும் வெளிச்சம் அதன் வர்க்க விகிதத்தில் கூடும். எஃப் 5.6இல் இருந்து எஃப் 2க்கு வந்தால், 5.6ஐ 2ஆல் வகுத்து வர்க்கம் எடுக்க, ஏறக்குறைய 8 மடங்கு. எஃப் 1.8 என்றால் 10 மடங்கை நெருங்கும். அந்த 8 மடங்கை எப்படிச் செலவு செய்யலாம்? ஷட்டரை 30இலிருந்து 125க்குக் கொண்டுபோக 4 மடங்கு, ஐஎஸ்ஓவை 6400இலிருந்து 3200க்கு இறக்க 2 மடங்கு. அதே களம், அதே லைட்டு. ஆட்டம் உறையும், இரைச்சலும் குறையும். இந்த 8 மடங்கை எந்த பாடியும் (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) தராது. 24 மெகாபிக்சல் பாடியில் 20,000 ரூபாய்ப் பாடிக்கும் 60,000 ரூபாய்ப் பாடிக்கும் ஐஎஸ்ஓ இரைச்சலில் இருக்கும் வித்தியாசம் இதன் பக்கத்தில்கூட வராது. இதைத் தாளில் போட்டுக் காட்டியதும் அவள் கேட்டாள்: "அப்ப மொதல்ல லென்ஸ முடிவு பண்ணிட்டு, அதுக்கு ஏத்த பாடியத் தேடலாமா மாமா?" இத்தனை வருஷத்தில் என்னிடம் கேமரா கேட்டு வந்தவர்களில் இதை அவளாகவே சொன்ன முதல் ஆள் அவள்தான்.

இரண்டாவது விஷயம், லென்ஸை எந்த மில்லிமீட்டர் அளவில் வைத்து அதிகம் எடுத்திருக்கிறாள் என்பது. ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்தத் தகவல் பதிவாகியிருக்கும். பாதிக்கு மேல் 30க்கும் 40க்கும் இடையில் இருந்தன. மிச்சத்தில் பெரும்பகுதி 55இல், அதாவது முகத்துக்கு நெருங்க முயன்றவை. 18இல் எடுத்தவை திரை பிடித்து வேஷம் வரும் காட்சிகள், பின்பாட்டுக்காரர்களோடு சேர்த்து முழுக்களமும். அவை குறைவு. டெலி லென்ஸ் வேலைக்கே வந்திருக்காது. கூத்தில் ஜனங்கள் மூன்று பக்கமும் தரையில் நெருக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். கேமராவுக்கும் ஆடுகிறவருக்கும் இடையே ஐந்து மீட்டர்தான்.

ஐந்து மீட்டரில் 35 மில்லிமீட்டர் லென்ஸ் எவ்வளவு பிடிக்கும் என்று கணக்குப் போட்டோம். இந்த விலைக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் நிக்கானில் 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். அகலவாக்கில் ஏறக்குறைய 3.4 மீட்டர், உயரம் 2.2 மீட்டர். கிரீடம் வைத்த வேஷம் தலை முதல் கால் வரை அடங்கும், பக்கத்தில் கட்டியங்காரன் நிற்கவும் இடம் இருக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் அகலம் 2.35 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர். இடுப்புக்கு மேல் எடுக்கத் தோது. ஃபோகஸ் ஆழமும் பார்க்க வேண்டும். எஃப் 2இல், ஐந்து மீட்டரில், 35க்கு ஏறத்தாழ 1.7 மீட்டர் ஆழம் தெளிவாக இருக்கும். 50க்கு அதில் பாதிதான், 80 சென்டிமீட்டர். முன்னும் பின்னும் ஆடுகிறவரைப் பிடிக்கப் பழகாத கைக்கு 35 மன்னிக்கும், 50 மன்னிக்காது. ஆக முதல் லென்ஸ் 35, காசு மிஞ்சினால் 50.

இந்த இடத்தில் எனக்கும் அவளுக்கும் ஒரு கருத்து வேறுபாடு வந்தது. என் கை பழகியது டாம்ரான் 17-50 எஃப் 2.8. செகண்ட் ஹேண்டில் கட்டுபடியாகிற விலைக்கு வரும், திரைவரவு முதல் முகம் வரை ஒரே லென்ஸில் முடியும். கல்யாண மண்டபத்தில் எத்தனையோ வருஷம் அது எனக்குச் சோறு போட்டிருக்கிறது. அதையே வாங்கச் சொன்னேன். அவள் நோட்டைத் திருப்பி என் கணக்கையே எனக்குக் காட்டினாள். எஃப் 2க்கும் எஃப் 2.8க்கும் வெளிச்சம் சரிபாதி வித்தியாசம். ஐஎஸ்ஓ மறுபடி 6400க்கே போய்விடும். மண்டபத்தில் வீடியோக்காரர் லைட் கூடவே வரும், கூத்துக் களத்தில் அப்படி வராது. அவள் சொன்னதுதான் சரி.

லென்ஸ் முடிவானதும் எந்தக் கம்பெனி என்பது தானாக முடிவானது. நிக்கானில் ஏபிஎஸ்-சி பாடிகளுக்கென்றே 35 எஃப் 1.8ஜி லென்ஸ் 2009இல் வந்தது. சின்னது, எடை குறைவு, செகண்ட் ஹேண்டில் தாராளமாகப் புழங்குகிறது. கேனனில் அந்த இடத்தில் அந்த விலைக்கு ஒன்று இல்லை. 50 எஃப் 1.8 எஸ்டிஎம் நல்ல லென்ஸ், மலிவும்கூட. 24 எஃப் 2.8 உண்டு, அது 2.8. கேனனின் 35 எஃப் 2 ஐஎஸ் விலை நம் கைக்கு எட்டாது. வேறு கம்பெனி செய்த 35 எஃப் 2 மலிவாகக் கிடைக்கும். ஆனால் இருட்டில் அதன் ஃபோகஸை நம்பி இரவு முழுக்க உட்கார எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பாடிக்கு வந்தோம். நிக்கானில் டி3500, டி5300, டி7100, டி7200 நான்கையும் எழுதி வைத்தோம். டி3500இல் பேட்டரி அற்புதம், கம்பெனிக் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 1,550 படம். ஆனால் 11 ஃபோகஸ் புள்ளிகளில் நடுவில் உள்ள ஒன்று மட்டுமே குறுக்கு வகை. குறுக்கு வகைப் புள்ளி கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் பிடிக்கும், மற்றவை ஒரு திசையை மட்டும். அரையிருட்டில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். டி5300இல் 39 புள்ளிகள், 9 குறுக்கு வகை, விலையும் குறைவு. ஏறக்குறைய அதில்தான் நின்றோம்.

எங்களை டி7200 பக்கம் திருப்பியவை மூன்று. ஒன்று, அதன் ஃபோகஸ் மைனஸ் 3 ஈவி வரை, அதாவது நிலா வெளிச்சத்தை ஒட்டிய இருட்டு வரை வேலை செய்யும்படி அமைத்தது. 51 புள்ளிகள், நடுவில் 15 குறுக்கு வகை. இரண்டாவது, வியூஃபைண்டர். டி5300இல் இருப்பது கண்ணாடித் தகடுகளால் ஆனது, காட்சியில் 95 சதவீதம்தான் தெரியும். டி7200இல் முழு ப்ரிசம், 100 சதவீதம், வெளிச்சமும் கூட. ஏழு மணி நேரம் ஒற்றைக் கண்ணை அதில் வைத்திருக்கப் போகிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மூன்றாவதுதான் பட்ஜெட்டைக் காப்பாற்றியது: டி7200 பாடிக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் உண்டு. டி3500, டி5300 இரண்டிலும் கிடையாது. மோட்டார் உள்ள பாடியில் நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸோடு இயங்கும். 50 எஃப் 1.8டி அப்படிப்பட்ட லென்ஸ், புதிய ஜி வகையின் செகண்ட் ஹேண்ட் விலையில் ஏறக்குறைய பாதிக்குக் கிடைக்கும். பாடிக்குக் கூடக் கொடுப்பதில் ஒரு பகுதியை லென்ஸில் திரும்ப எடுத்துவிடலாம்.

டி7100இலும் அந்த மோட்டார் உண்டு, சில ஆயிரம் மலிவு. எடுத்த படங்களைக் கார்டில் எழுதும்வரை வைத்திருக்கும் பஃபர் அதில் சிறியது. ரா (RAW) என்னும் பெரிய மூலக்கோப்பாக எடுத்தால் ஆறேழு படத்திலேயே நின்று மூச்சு வாங்கும். இருண்ட பகுதியைத் தூக்கினால் கோடு கோடாகத் தெரிவதும் அதற்கு உண்டு. இருட்டிலேயே எடுக்கப் போகிறவள் அதை வாங்கக் கூடாது.

"எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்குப் போறாங்களே மாமா" என்று ஒருநாள் தயங்கினாள். உண்மைதான். 2020க்குப் பிறகு கேனனும் நிக்கானும் உள்ளே கண்ணாடி வைத்த வகையான டிஎஸ்எல்ஆரில் புதிய மாடல் கொண்டுவரவில்லை. கல்யாணக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பதால்தான் நல்ல பாடிகள் இந்த விலைக்கு இறங்கியிருக்கின்றன. கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையில் பழைய சோனி ஏ6000 ஒன்றும் பார்த்தோம். சென்சார் நல்லது, பேட்டரி கம்பெனிக் கணக்கில் 360 படத்தைத் தாண்டாது. டி7200க்கு 1,110. ராத்திரி இரண்டு மணிக்கு வயல் நடுவே பேட்டரியை எங்கே போய்ச் சார்ஜ் போடுவது?

பங்குனி பிறக்குமுன் வாங்கிவிட வேண்டும் என்று சென்னைக்குப் போனோம். முதலில் பார்த்த 35 லென்ஸ் வெளியே புதுசு போல இருந்தது. மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கம் சாய்த்துப் பார்த்தால், ஓரத்தில் சிலந்தி நூல் போல ஒரு கிளை. "தூசி சார்" என்றார் கடைக்காரர். தூசி புள்ளியாக இருக்கும், கிளை விடாது. அது ஃபங்கஸ். கடலோர ஈரத்தில் பெட்டிக்குள் பூட்டி வைத்த லென்ஸ்களுக்கு வரும் நோய். கழுவினாலும் கண்ணாடிப் பூச்சில் தழும்பு இருந்தால் போகாது, பக்கத்து லென்ஸுக்கும் ஒட்டலாம். வேண்டாமென்று வந்துவிட்டோம்.

பாடி ஒரு கல்யாணப் படக்காரரிடம் கிடைத்தது. ஒரு ஜேபெக் எடுத்து அதன் தகவலைப் பார்த்ததில் ஷட்டர் கவுன்ட், அதாவது இதுவரை ஷட்டர் இயங்கிய எண்ணிக்கை, 41,000 சொச்சம். கம்பெனி இந்த ஷட்டரைச் சோதித்தது 1,50,000க்கு. அபர்ச்சரை எஃப் 16க்குச் சுருக்கி, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை எடுத்து சென்சாரில் கறை இருக்கிறதா பார்த்தோம். நாலைந்து தூசிப் புள்ளி, ஊதினால் போகிறவை. இரண்டு கார்டு ஸ்லாட்டிலும் தனித்தனியே எழுத வைத்தோம். மெனுவில் பேட்டரித் தகவலுக்குப் போனால் பேட்டரியின் வயதை 0 முதல் 4 வரை காட்டும். அது 1 என்றது. கையோடு கொண்டுபோன என் பழைய ஏஎஃப்-டி லென்ஸைப் பூட்டி உள் மோட்டார் சுற்றுகிறதா பார்த்தோம். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம், தனக்குள்ளேயே மோட்டார் உள்ள ஜி வகை லென்ஸ் மட்டும் போட்டுப் பார்த்தால் பாடியின் மோட்டார் செத்திருந்தாலும் தெரியாது. கடைசியாக பில்லில் இருந்த சீரியல் எண்ணையும் பாடியின் அடியில் இருந்ததையும் ஒப்பிட்டோம். பில் இல்லாத பாடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

பாடி 25,000. வேறொருவரிடம் 35 எஃப் 1.8ஜி 8,500. 50 எஃப் 1.8டி 4,000. 64 ஜிபி கார்டு 900, உபரி பேட்டரி 1,200, ஊதுகுழலும் லென்ஸ் துணியும் 400. கூட்டினால் சரியாக 40,000.

முதல் கூத்து வந்தவாசி பக்கம், அர்ச்சுனன் தபசு. போகும்முன் இரண்டு காரியம் செய்யச் சொன்னேன். ஃபோகஸ் உதவி விளக்கை மெனுவில் அணைப்பது. இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஆடுகிறவர் கண்ணில் அடிக்கும். 50 லென்ஸின் அபர்ச்சர் வளையத்தை எஃப் 22இல் வைத்துப் பூட்டுவது. வளையம் விலகினால் திரையில் எஃப்ஈஈ என்று காட்டி கேமரா படமெடுக்க மறுக்கும். கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியாரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்பதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

35இல் எஃப் 2, ஐஎஸ்ஓ 3200. நாங்கள் போட்ட கணக்கு களத்தில் அப்படியே நின்றது. வேஷத்தின் கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றிலும் லைட் தெறித்தது தெரிந்தது. ஆட்டம் வேகமெடுத்தபோது அவள் ஷட்டரை 320க்கு ஏற்றியிருக்கிறாள். அங்கேதான் சிக்கல். அடுத்தடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாக, ஒன்று மங்கலாக, ஒன்றில் மேல்பாதி பச்சையாகக் கீழ்பாதி சரியாக. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் அதனால் நொடிக்கு 100 தடவை மின்னி மங்குகின்றன, கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் அதைவிட வேகமாகத் திறந்து மூடினால் மின்னலின் ஏதோ ஒரு துண்டைத்தான் பிடிக்கும். 320இல் ஷட்டர் ஒரு பிளவாகச் சென்சார் மேல் நகர்வதால் படத்துக்குள்ளேயே பட்டை விழுகிறது.

இதை நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும். கேனன் 80டியில் இந்த மினுக்கலைக் கண்டுபிடித்து உச்ச வெளிச்சத்தில் ஷட்டரை விடும் வசதி உண்டு. டி7200இல் ஸ்டில் படத்துக்கு அது இல்லை. பாடிகளை ஒப்பிட்டபோது ஃபோகஸ், பேட்டரி, மோட்டார் என்று பார்த்தேனே தவிர இதை நோட்டில் எழுதவே இல்லை. நாங்கள் பார்த்த 80டி பாடி 32,000. ஒரே ஒரு 50 லென்ஸோடு பட்ஜெட் முடிந்திருக்கும், அவளுடைய படங்களில் பாதிக்கு மேல் 35ஐச் சுற்றியவை. மறுபடி தேர்வு செய்யச் சொன்னாலும் டி7200தான் எடுப்பேன். ஆனால் டியூப் லைட்டும் எல்இடியும் கட்டின இடத்திலேயே படம் எடுக்கப் போகிறவர் இந்த வசதியையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இருக்கிற கேமராவில் வழி இதுதான்: ஷட்டரை 100இல் வைப்பது. நொடியில் 100இல் ஒரு பங்கு என்பது ஒரு முழு மினுக்கலை அடக்கிவிடும், பட்டை வராது. சுழலும்போது கை இழுபடும், முகம் நிற்கும். அடவு முடிந்து ஒரு கணம் நிற்கிற இடம் தாளத்தில் முன்கூட்டியே தெரியும். மத்தளத்தைக் கேட்டுக்கொண்டே விரலை வைக்கப் பழகிவிட்டாள். மூன்றாவது கூத்திலிருந்து முகத்துக்கு 50ஐயும் துணிந்து மாட்ட ஆரம்பித்தாள்.

வைகாசியில் ஓர் ஊரில் லைட் கட்ட வந்தவர் பழைய ஹாலஜன் ஒன்றையும் தொங்கவிட்டிருக்கிறார். ஹாலஜனில் இழை சூடாகி ஒளிர்வதால் மின்சாரம் இறங்கும் அந்த நொடித்துண்டில் அது பெரிதாக மங்குவதில்லை. அந்த மூலைக்கு வந்து ஆடியபோதெல்லாம் ஷட்டரை 250க்கு ஏற்றி எடுத்திருக்கிறாள், பட்டையே இல்லை. திரௌபதி வேஷக்காரர் கூந்தலை விரித்துச் சபதம் செய்யும் படம் அங்கே கிடைத்ததுதான். அந்த லைட்காரரின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறாள். அடுத்த ஊர்க் கூத்துக்கு அந்த ஹாலஜனையும் எடுத்துவரச் சொல்லி, வண்டிச் செலவுக்கு 200 ரூபாய் தான் தருவதாகவும் பேசி முடித்துவிட்டாள்.